தனிக்குடித்தனம்

கூட்டுக் குடும்பம் பிரியும்போது வெண்கலப் பானை யாருக்கு, ஊஞ்சல் யாருக்கு என்று தகராறு வருவது உலக வழக்கம். ஆனால் இரு தரப்பாருக்கும் எல்லாப் பண்டமும் முழுசாகக் கிடைக்கிற பாகப்பிரிவினை ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டர் உலகத்தில்தான் நடக்கும்!

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவுகிற 'ஓபன் ஆபீஸ்' என்ற ஸாப்ட்வேரை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். ஜெர்மனியில் ஒரு கம்பெனி ஆரம்பித்த காரியம் அது. 1999-ல் அமெரிக்காவின் ஸன் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. மறு வருஷமே அதன் மூலப் பிரதியைப் பொதுச் சொத்துப் போலத் திறந்துவிட்டது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். பல தேசத்துத் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் உழைத்தார்கள்.

2010-ல் ஸன்னையே ஆரக்கிள் கம்பெனி வாங்கிவிட்டது. புது எஜமானரிடம் பலருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. அந்த செப்டம்பரில் தொண்டர்களில் ஒரு பகுதியினர் பிரதியை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் கிளம்பினார்கள். பழைய பெயரையும் தரும்படி ஆரக்கிளைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 'லிப்ரே ஆபீஸ்' என்று புதுப் பெயர் சூட்டி, 2011 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அதே வருஷம் ஆரக்கிளும் பழைய வீட்டை 'அப்பாச்சி' என்ற தொண்டர் ஸ்தாபனத்திடம் ஒப்படைத்துவிட்டது.

புது வீட்டில் காத்திருந்த வேலை ஒன்றைக் கேளுங்கள். மூலப் பிரதிக்குள் 'இந்த வரி இன்ன காரியத்துக்கு' என்று விளக்கும் குறிப்புகள் உண்டு. அவற்றில் ஆயிரக்கணக்கானவை ஜெர்மன் பாஷையில் இருந்தன! எழுதியவர்களுக்கு அது தாய்மொழி. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ப்ரோகிராம் எழுத வராவிட்டாலும் பரவாயில்லை, ஜெர்மன் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்" என்று அழைத்தார்கள். பலர் வந்தார்கள். பல வருஷம் உட்கார்ந்து, வரி வரியாக இங்கிலீஷில் மாற்றினார்கள். உபயோகிப்பவர்களுக்கான கையேடுகளையும் தொண்டர்களே எழுதுகிறார்கள்.

பிரிந்து போகிற உரிமையை லைசென்ஸ் கொடுத்துவிடும். போன இடத்தில் அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்துகிற பக்குவத்தை, முன்னால் இருந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புதான் கொடுக்க வேண்டும்.

நம் வீட்டு விஷயமும் அப்படித்தானே? கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு ஆவக்காய் ஊறுகாய்ப் பக்குவம் எழுதிக் கொடுக்கும்போது, 'உப்பு ஒரு கை' என்று நிறுத்திவிடாதீர்கள். யாருடைய கை என்பதையும் எழுதிவிடுங்கள்!