தலை அங்குலம், உடம்பு மில்லிமீட்டர்

எம்ஜி டிசி என்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தால், எல்லாரும் அதன் நீண்ட மூக்கையும் கம்பிச் சக்கரத்தையும் ரசிப்பார்கள். என் கண் எஞ்சின் போல்ட்டுக்குத்தான் போகும். வானொலியில் பாட்டு போடுகிறவனுக்கு போல்ட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சங்கதி அப்படி!

1945 முதல் 1949 வரை தயாரான அந்தக் காரின் 1250 சிசி எஞ்சினில் ஒரு போல்ட்டைக் கழற்ற, அங்குலக் கணக்கில் அமைந்த விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும். அந்த ஊர் கார், அந்த ஊர் அளவு, சரிதானே? கழற்றிப் பாருங்கள். மரை மட்டும் மில்லிமீட்டரில் இருக்கும்.

காரணம் முதல் உலகப் போர். பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் அப்போது இயந்திரத் துப்பாக்கி செய்ய இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஆலை திறந்தது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலையில்லை. மோரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்தது. 1923-இல் வில்லியம் மோரிஸ் அந்த ஆலையையே வாங்கிவிட்டார். அங்கிருந்த பிரெஞ்சு இயந்திரங்கள் மில்லிமீட்டரில்தான் மரை வெட்டும். ஆனால் ஊரிலுள்ள பட்டறைகளில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரையை விட்டுவிட்டு, தலையை மட்டும் ஸ்பேனருக்கு ஏற்றபடி செய்தார்கள். 1955-இல் முடிந்த எம்ஜி டிஎஃப் வரை இதே கதைதான்.

எம்ஜி பிரியர்கள் இதைக் 'கிறுக்கு மெட்ரிக்' என்பார்கள். நம் பேச்சில் 'மரை கழன்ற கேஸ்'. எனக்கென்னவோ இது நல்ல வியாபார புத்தியாகத்தான் படுகிறது.

ஆபத்து இப்போதுதான். அந்த 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.25. தலையைப் பார்த்து பிரிட்டிஷ் 5/16 அங்குல போல்ட்டை எடுத்தால் அதன் பருமன் 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விரலால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால், எழுபது வருட வார்ப்பிரும்பில் மரை போய்விடும். விரலாலேயே முழுதும் ஏறாத போல்ட்டைக் கட்டாயப்படுத்தவே கூடாது.

எனக்குத் தெரிந்த பட்டறைக்கார அண்ணன் ஒருவர், கழற்றிய எம்ஜி போல்ட்டுகளை மைலோ டின்னில் போட்டு வைக்கிறார். துருப்பிடித்ததைக்கூட வீசமாட்டார்.

"புதுசு கிடைக்காதாண்ணே?"

"மரை கிடைக்கும் தம்பி. தலை கிடைக்காது."