பல்லும் புட்டியும்

பெரம்பலூரிலும் அரியலூரிலும்கூட இன்று 'பல் இம்ப்ளான்ட்' என்னும் பலகைகளைக் காண்கிறோம். விலையை விசாரிக்கிறோம், தூய்மையை விசாரிக்கிறோமா?

வாணியம்பாடியில் 2022-23இல் ஒரு பல் மருத்துவமனையோடு தொடர்புடைய 10 பேருக்கு, மூளையைத் தாக்கும் மீலியாய்டோசிஸ் கண்டது; 8 பேர் மாண்டனர். 2025இல் வெளியான ஆய்வு சுட்டிய காரணம் மிக எளியது: அறுவைக் கருவியால் திறந்து, சரிவர மூடாது, மீண்டும் மீண்டும் பயன்படுத்திய உப்புநீர்ப் புட்டி. எலும்பைத் துளைத்துச் செய்யும் இம்ப்ளான்டுக்கு இப்பாடம் இன்னும் பொருந்தும்.

ஸ்வீடனின் பிரானெமார்க் 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது முதல், டைட்டானியம் எலும்போடு இணைவது மெய்ப்பட்டே வந்திருக்கிறது. உலோகத்தில் சொத்தை விழாது. ஆனால் அழுக்குப் படிந்தால் சுற்றியுள்ள ஈறு வீங்கும், எலும்பு கரையும். புகையிலை அதை விரைவுபடுத்தும். ஆலையும் வேலையும் போற்றிய நம் முன்னோர் போற்றியது குச்சியை மட்டுமன்று; நாள் தவறாத ஒழுங்கையும்தான்.

ஆகவே கேள்விகள் இரண்டு. நம்மை நாமே கேட்பது: 'நேற்றிரவு பல் துலக்கினோமா?' மருத்துவரைக் கேட்பது: 'ஐயா, இப்புட்டி எனக்கென்று இன்று திறந்ததா?' இரண்டாவதைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல மருத்துவர் அதற்கு முகம் சுளிக்கவும் மாட்டார்.