பூ பிடிக்காத அம்மா



அன்னையர் தினத்தில் அம்மாவுக்குப் பூ வாங்கிக் கொடுக்கப் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் வாழ்ந்த ஒரு தாய்க்குப் பூ என்றாலே வெறுப்பு. பொழுதுபட்டு இருட்டத் தொடங்கினால் மனம் பதறும். ஏன் என்று அவருடைய இரண்டு மகள்மாருக்கும் பல வருடங்களாகத் தெரியாது.

அவர் பெயர் ஜான் ரஃப் ஓஹேர்ன். 1923இல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஓர் ஒல்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். 1942இல் யப்பானியப் படை ஜாவாவைக் கைப்பற்றியதும், தாயுடனும் சகோதரிகளுடனும் முகாமில் அடைக்கப்பட்டார். 1944இல், அவருக்கு 21 வயதாக இருந்தபோது, முகாமிலிருந்த இளம்பெண்களை வரிசையில் நிறுத்திச் சிலரைத் தெரிந்தெடுத்தார்கள். செமராங் நகரில் இராணுவ அதிகாரிகளுக்கென ஒதுக்கிய வீடொன்றுக்குக் கொண்டுபோகப்பட்ட ஏழு பேரில் ஜானும் ஒருவர். அங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு பூவின் பெயரை வைத்தார்கள். அதன்பின் நடந்ததை விரித்து எழுதத் தேவையில்லை. உங்களுக்கு விளங்கும்.

யுத்தம் முடிந்தபின் 1946இல் ஒரு பிரித்தானியப் படைவீரரை மணந்தார். திருமணத்துக்கு முன்பே அவரிடம் நடந்ததைச் சொன்னார். பிறகு வீட்டில் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. அந்த வீட்டிலிருந்த பெண்களின் பெயர்கள் எழுதப்பட்ட ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மட்டும் ஒளித்து வைத்திருந்தார்.

1991இல் தென்கொரியாவில் கிம் ஹாக்-சுன் என்ற பெண் தனக்கு நடந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். அவரைத் தொடர்ந்து கொரியப் பெண்கள் நீதி கேட்பதை ஜான் தொலைக்காட்சியில் பார்த்தார். தானும் அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்று நினைத்தார். ஆனால் ஊருக்குச் சொல்லுமுன் மகள்மாருக்குச் சொல்ல வேண்டுமே! முகத்துக்கு நேரே சொல்ல அவரால் முடியவில்லை. எழுதிக் கொடுத்தார். மகள்மார் தாயைக் கைவிடவில்லை. 1992 டிசெம்பரில் டோக்கியோவில் சாட்சி சொன்னபோது அவருக்கு வயது 69. 2019இல் காலமாகும்வரை தொடர்ந்து பேசினார்.

எங்கள் மத்தியிலும் இப்படிப் பூட்டி வைத்த பெட்டிகள் எத்தனையோ உண்டு. சோதனைச்சாவடியில் நடந்தது, இடப்பெயர்வில் பறிகொடுத்த குழந்தை, காணாமற்போன முதற் கணவன், இயக்கத்தில் இருந்த காலம். மறுபடி கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று வருடங்கள் ஓடிவிடும். நாற்பது, ஐம்பது வயதில், மகள் அதே வயதுக்கு வரும்போதோ ஒரு செய்தியைக் கேட்கும்போதோ எல்லாம் திரும்பி வரும். நித்திரை வராது, நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். இது பைத்தியமல்ல, பேயுமல்ல. அந்த நேரத்தில் அழ இடமில்லாத மனம் இப்போது அழுகிறது.

சகோதரி, இதுவரை சொல்லாமல் இருந்ததற்காக நீங்கள் குற்றவாளி அல்ல. சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை ஜானைப் போல நீங்களே தீர்மானியுங்கள். சொன்னால் வீட்டில் ஆபத்து வரும் என்று தோன்றினால், முதலில் வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வாய் திறக்க முடியாவிட்டால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு அதைக் கிழித்தாலும் பரவாயில்லை.

உங்களிடம் ஒருத்தி சொல்ல வந்தால், "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர் செய்தவரே, அனுபவித்தவள் அல்ல.

அடுத்த மாதம் சந்திப்போம்.