நச்சுக்குச் சாதி தெரியாது, தண்ணீர்த் தொட்டிக்குத் தெரியும்

ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானோர் கூடும் ஊர் எங்கள் திருத்தணி. அத்தனை பேர் கூடினால் வயிற்றுப்போக்கு பரவும் என்று அரசுக்குத் தெரியும். அதனால்தான் திருவிழா என்றாலே குடிநீரில் குளோரின் கலக்கிறார்கள். கலக்கட்டும், நல்லதுதான். காவடிகள் மலையிறங்கிய பிறகு சேரித் தொட்டியை எட்டிப் பார்ப்பது யார்?

சேரியில் வாந்திபேதி வந்தால் ஊருக்குள் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அவங்களுக்குச் சுத்தம் தெரியாது." அறிவியல் வேறு சொல்கிறது, தோழர்களே.

1959-இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சியதை முயலின் குடலில் செலுத்தினார். கிருமியே இல்லை, ஆனாலும் குடலில் நீர் சேர்ந்தது. குடலைத் தாக்குவது கிருமி சுரக்கும் நச்சு என்று அந்தச் சோதனை காட்டியது. அந்த நச்சு குடல் செல்களைக் கட்டுப்பாடிழக்கச் செய்கிறது. உடம்பின் உப்பும் நீரும் கொட்டித் தீர்கின்றன. சிலவகை ஈ.கோலை கிருமிகளின் நச்சும் இதே வேலையைச் செய்கிறது. இவை பெரும்பாலும் பரவுவது மலம் கலந்த நீராலும் உணவாலும். தொட்டிக்குள்ளேயே மலம் கிடந்தால் கை கழுவி என்ன பயன்?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் அதுதான் நடந்தது. குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் மிதந்தது. தலித்துகளின் நீர்நிலையை அசுத்தமாக்குவது வன்கொடுமை என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றம் சாட்டியது அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களை! அங்கே மக்கள் ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. தீர்ப்பு எதுவானாலும் ஒரு கேள்வி நிற்கும்: ஒரே ஊரில் சேரிக்கு மட்டும் ஏன் தனித் தொட்டி?

கோபத்தோடு கணக்கும் கேளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி 100 மி.லி. நீரில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாது. குளோரின் கலந்த நீரென்றால் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் குழாயடியில் மிஞ்ச வேண்டும். அடுத்த கிராம சபையில் உங்கள் சேரித் தொட்டியின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

சுத்தமான தண்ணீர் சலுகை அல்ல. 1927-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் அள்ளிக் குடித்தது இந்த உரிமையைத்தான்.

ஜெய் பீம்.