வாளி தூக்கியது போதும்!

"மீன் தொட்டிக்கும் டிப்ளமோவுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது நண்பர்களே! கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டு ஹாலில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அப்பாவின் நெடுநாள் ஆசை. சென்னை கொளத்தூரிலிருந்து பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்து, மடியில் வைத்துக் கொண்டு வந்த மீன்கள். தொட்டியில் சுமார் 240 லிட்டர் தண்ணீர். வாரம் ஒருமுறை கால் பங்கு, அதாவது 60 லிட்டர் மாற்ற வேண்டும். 15 லிட்டர் வாளியில் வெளியே நாலு நடை, உள்ளே நாலு நடை. ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஆறு டன்னுக்கு மேல்! லாரி லோடு!

அப்பாவுக்கு முதுகு பிடித்துக் கொண்டது. வாரம் என்பது பதினைந்து நாளானது, பிறகு மாதமானது. தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரிதான் இருந்தது. ஆனால் மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. "நமக்கு ராசி இல்லடா" என்றார் அப்பா.

ராசியா காரணம்? மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகின்றன. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் கொடிய விஷம். நைட்ரேட் சாதுதான், ஆனால் சேரச் சேர அதுவும் ஆளைக் காட்டும். செடிகள் கொஞ்சம் உறிஞ்சும். சாதாரண ஃபில்டர் அதை எடுக்காது. தண்ணீரை மாற்றினால்தான் போகும். மாற்ற வேண்டிய மனிதருக்கோ முதுகு வலி! என்னைக் கேட்டால் அந்த மீன்களைக் கொன்றது வாளிதான்.

சரி, நாம்தான் டிப்ளமோ படிக்கிறோமே என்று களத்தில் இறங்கினேன். நூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடித்து, சின்ன பம்ப் போட்டு, டியூபைத் தொட்டியின் அடிவரை விட்டேன். பாதியில் கரண்ட் போனது. நானும் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் ஹாலில் வெள்ளம்! ஏற்றிய தண்ணீர் அதே டியூப் வழியாக சைஃபனாகத் திரும்பி, டிரம் நிறைந்து வழிந்துவிட்டது. தொட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீரில் மீன்கள் துள்ளிக் கொண்டிருந்தன. அன்று அம்மா பாடிய பாட்டை இங்கே எழுத முடியாது. ஹைட்ராலிக்ஸில் பாஸ் செய்தவன் நான்!

பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். வெளியேற்ற அரை அங்குல டியூப், முனையில் ஒரு பால் வால்வு. உள்ளே இருக்கும் வாயை முக்கால் மட்டத்தில் கட்டிவிட்டேன். தண்ணீர் அந்த அளவுக்கு இறங்கியதும் காற்றை இழுத்து சைஃபன் தானாக அறுந்துவிடும். மறந்து போனாலும் மீனுக்கு ஆபத்தில்லை. நாலடி இறக்கத்துக்கு √2gh போட்டால் விநாடிக்கு 0.6 லிட்டர் வருகிறது. உராய்வு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றாலும் ஐந்து நிமிஷத்தில் 60 லிட்டர் காலி! அந்தத் தண்ணீர் நேராக வாழைக்குப் போகிறது. நைட்ரேட் அதற்கு உரம்.

நிரப்பும் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிறுத்தினேன். இனி பம்ப் நின்றாலும் காற்றுதான் உள்ளே போகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை டிரம்மில் ஒருநாள் காற்றோட்டம் கொடுத்து வைத்த பிறகே ஏற்றுகிறேன். அவசரத்துக்கு சோடியம் தயோசல்ஃபேட் இருக்கிறது. ஜி.ஐ., தாமிரம், பித்தளை எதுவும் வேண்டாம், பி.வி.சி. போதும். சால்வென்ட் சிமெண்ட் நன்றாகக் காய்ந்தபின் ஒருமுறை கழுவி விடுங்கள். கண்ணாடியில் துளை போட்டு டேங்க் நிப்பிள் வைக்க ஆசைப்படுபவர்கள், அது டஃபன்ட் கிளாஸா என்று முதலில் விசாரியுங்கள். டஃபன்ட் என்றால் டிரில் பட்டதும் தூள் தூள்!

"இதெல்லாம் சோம்பேறித்தனம். வாளி தூக்கினால்தான் மீன் மேல் பாசம் வரும்" என்றார் ஒரு நண்பர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கஷ்டமான வேலையை மனிதன் நாலு வாரம் செய்வான், ஐந்தாவது வாரம் தள்ளிப் போடுவான். எட்டு நடை நடந்த அப்பாவுக்கு மீனைப் பார்க்கத் தெம்பிருக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை வால்வைத் திறந்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எந்த மீன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கவனிக்கிறார். பாசம் எதில் அதிகம், நீங்களே சொல்லுங்கள்!

நண்பர்களே, நாம் வரையும் டிராயிங்கில் குழாய் இருக்கும், வால்வு இருக்கும், அளவு இருக்கும். நாளைக்கு அதைக் கழுவப் போகும் ஆள் இருக்க மாட்டார். அந்த ஆளின் முதுகையும் கணக்கில் சேர்த்தால்தான் அது டிசைன். ஸ்பேனர் பிடிக்கக் கூச்சப்படாதீர்கள். முதல் வேலையை உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

ஆனால் ஒன்று... பம்ப் ஓடும்போது டீ குடிக்கப் போகாதீர்கள்!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை