காப்பீட்டு அட்டை மருத்துவமனை ஆகாது

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதான 18 சதவிகித ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது. நோய்க்கு அஞ்சி மக்கள் கட்டும் தொகையின் மீது எட்டாண்டுகள் வரி வசூலித்த ஒன்றிய அரசு, இப்போது அதை நீக்கியதையே சாதனையாகப் பறைசாற்றுகிறது. எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் வலியுறுத்திய இந்த வரி நீக்கம் வரவேற்கத்தக்கதே. ஆனால் பிரீமியம் கட்டவே வழியற்ற கோடிக்கணக்கான உழைப்பாளிகளுக்கு இதனால் விளையும் பயன் ஏதுமில்லை.

அவர்களுக்காகவே ஆயுஷ்மான் பாரத் திட்டம் இருக்கிறது என்கிறது அரசு. ஏழைக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று 2018 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டம், 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்கு வழியின்றித் தவித்த பல குடும்பங்களுக்கு இது கைகொடுத்திருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இது சுகாதாரப் பாதுகாப்பு ஆகிவிடுமா என்பதே கேள்வி.

மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே இத்திட்டம் பொருந்தும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கும், புறநோயாளியாகச் செய்துகொள்ளும் பரிசோதனைக்கும் அட்டை உதவாது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவிகிதத்தை மக்கள் தம் கையிலிருந்தே செலுத்தினர்.

நிர்வாகத்தின் நிலையோ இன்னும் மோசம். ஒரே கைப்பேசி எண்ணில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் பதிவு செய்யப்பட்டிருந்ததையும், இறந்தவர்களாகக் காட்டப்பட்ட 3,446 பேரின் சிகிச்சைக்காக 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டதையும் 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அம்பலப்படுத்தியது. திட்ட நிதியின் பெரும்பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கே செல்கிறது. நிலுவைத் தொகை வரவில்லை என்று கூறி, 2025 ஆகஸ்டில் ஹரியானாவின் தனியார் மருத்துவமனைகள் இத்திட்டத்தின்கீழ் சிகிச்சை அளிப்பதை நிறுத்தின. அட்டை கையில் இருந்தும் கதவு மூடியது. தனியாரை நம்பிக் கட்டப்பட்ட பாதுகாப்பின் இயல்பு இதுதான்.

இவை தற்செயலான குறைகள் அல்ல. 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவிகிதமாக உயர்த்துவதாக 2017 தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. காப்பீட்டுத் துறையில் 100 சதவிகித அந்நிய முதலீட்டை அனுமதிக்கும் அறிவிப்பு மட்டும் 2025-26 பட்ஜெட்டில் தவறாமல் இடம்பெற்றது. பொது மருத்துவமனையை நலியவிட்டு, அங்கிருந்து விரட்டப்பட்ட நோயாளியின் கட்டணத்தை மக்கள் வரிப்பணத்திலிருந்து தனியாருக்குச் செலுத்துவதே நவதாராளமயத்தின் சுகாதாரக் கொள்கை.

பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்று 1946இலேயே போர் குழு வலியுறுத்தியது. அதற்கான வழி கிராமத் துணை சுகாதார நிலையம் முதல் மாவட்ட மருத்துவமனை வரை வலுவான பொதுக் கட்டமைப்பு, நிரந்தரப் பணியில் போதிய மருத்துவர்களும் செவிலியர்களும், ஆஷா ஊழியர்களுக்குத் தொழிலாளர் தகுதி, விலையில்லா மருந்துகள், தனியார் கட்டணங்களுக்குக் கறாரான கட்டுப்பாடு. சுகாதாரத்தைச் சட்டப்பூர்வ உரிமையாக்கும் இக்கோரிக்கைகளை ஊர்தோறும் கொண்டுசென்று மக்களைத் திரட்டுவது இடதுசாரி இயக்கத்தின் உடனடிக் கடமை.