வாசற்படியில் ஒரு கலைக்கூடம்



கலை என்றவுடன் நம் மனம் தொலைவில் உள்ளவற்றை நோக்கி விரைகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமும், உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தில் மைக்கேல் ஆஞ்சலோ தீட்டிய ஓவியங்களுமே நினைவிற்கு வருகின்றன. அவை போற்றத்தக்கவை, ஐயமில்லை. ஆயினும் கலை என்பது பேறு பெற்ற சிலரின் உடைமை என்றும், உழைத்து உண்டு உறங்கும் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் எண்ணிக்கொள்வது பிழை. அப்பிழையால் நம் இல்லங்களிலேயே சிலர் மனம் வாடுகின்றனர். ஆதலின் இதனைப் பற்றிச் சிந்திப்பது நன்று.

முதலில் நம் வாசலைப் பார்ப்போம். பொழுது புலருமுன் பெருக்கித் தெளித்த மண்ணில் ஒரு பெண் குனிந்து புள்ளி வைக்கிறாள். அளவுகோல் இல்லை, கயிறும் இல்லை. கண்ணே அளக்கிறது, இரு விரல்களுக்கிடையே மாவு இழையாய் இறங்குகிறது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து சென்ற இழை, தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறது. இக்கோலங்களின் அமைப்பில் மறைந்துள்ள ஒழுங்கைக் கண்ட சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியர், கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, மொழிக்கு இலக்கணம் வகுப்பதுபோல் கோலத்திற்கும் விதிகள் வகுத்து 1974ஆம் ஆண்டில் கணித ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அறிஞர் ஆராயும் பொருளை நம் அன்னையர் நாள்தோறும் விரல் நுனியில் வைத்திருக்கின்றனர். நாமோ அதனை மிதித்துக்கொண்டு அலுவலுக்கு விரைகிறோம்!

திருமறை இதைப்பற்றி என்ன கூறுகிறது? விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்னும் ஒருவரைக் காண்கிறோம். அவர் அரசரும் அல்லர், குருவும் அல்லர். பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்யும் கைவினைஞர். அவ்வேலைக்காகவே ஆண்டவர் அவரைத் தம் ஆவியால் நிரப்பினார் என்று அந்நூல் சான்று பகர்கிறது. அதே நூலின் 35ஆம் அதிகாரம், இறைவனின் கூடாரத்திற்காகத் தங்கள் கைகளால் நூல் நூற்றுத் தந்த பெண்களையும் மறவாமல் குறிப்பிடுகிறது. தூய ஆவியார் செபிக்கும் உதடுகளில் மட்டுமே செயலாற்றுகிறார் என்று எண்ணுவோர் இவ்வதிகாரங்களை மீண்டும் வாசிப்பார்களாக. நம் ஆண்டவரும் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவரன்றோ? மாவில் கலந்த புளிப்பு மாவு, பழைய ஆடையில் இட்ட ஒட்டு, தண்டின்மீது ஏற்றிய விளக்கு ஆகிய இவற்றையெல்லாம் வீட்டில் உற்றுநோக்கிய கண்களே பின்னர் அவற்றை உவமைகளாக்கின.

பங்கில் வீடு சந்திக்கச் செல்லும்போது அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "எனக்கென்ன தெரியும் சாமி, சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார் இல்லத்தரசி. சுற்றிப் பார்த்தால், ஆணியில் தொங்கும் ஒயர்க் கூடை அவர் பின்னியது. மாதா படத்தின் கீழுள்ள விரிப்பு அவர் பூவேலை செய்தது. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தையில் பேரக் குழந்தை உறங்குகிறது. "இதை யார் செய்தது?" என்று கேட்டால் கணவரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்கின்றனர். அவர்களுக்குத் தெரியவில்லை! பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், அந்தக் கைகளை ஒரு நாளேனும் நின்று பார்க்கவில்லை. தன் வேலையை எவரும் காணாதபோது, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒருவர் தாமே நம்பிவிடுகிறார். இது சிறு குறையன்று. அன்புக்கு எதிரான குறை.

பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். கணக்கு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் மாட்டையும் மரத்தையும் வரைந்த சிறுவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வசைதான். பின்னர் அவன் கைப்பேசியிலேயே கண் வைத்திருக்கிறான் என்று வருந்துகிறோம். படைத்து மகிழ வேண்டிய கைக்கு வேலை தராவிட்டால், அது பிறர் படைத்ததைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் தூய பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது, அங்கே விலையுயர்ந்த சுரூபங்கள் இல்லை. வைக்கோலும் தீவனத்தொட்டியும் எருதும் கழுதையுமே இருந்தன. இன்று பல இல்லங்களில் குடிலைப் பெட்டியோடு வாங்கி, பெட்டியினின்று எடுத்து, பெட்டியிலேயே திரும்ப வைக்கிறோம். களிமண் பிசைந்து, தாளைக் கசக்கி மலை செய்து, தட்டில் தானியம் முளைக்கவிட்டுப் புல்வெளி அமைக்கும் மகிழ்ச்சியைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கலாமா?

"வயிற்றுப்பாட்டுக்கே பொழுது போதவில்லை, எங்களுக்கு ஏது கலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வறுமை அழகானது என்று நான் கூறவில்லை; நியாயமான கூலிக்கு அழகு ஈடாகாது. அதனாலேயே வசதியுள்ளோர்க்கு ஒரு சொல். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் பனையோலையால் பெட்டிகளும் கூடைகளும் முடைகின்றனர். ஓலையைக் காயவைத்து, வார்ந்து, சாயம் ஏற்றி, பின்னல் பிசகாமல் முடிப்பதற்குள் எவ்வளவு பொறுமை வேண்டும்! பெருங்கடையில் அச்சிட்ட விலையைக் கேள்வியின்றிக் கொடுக்கும் நாம், இத்தகைய கையுழைப்பிடம் மட்டும் பேரம் பேசுவது முறையாகுமா? கலையை மதிப்பவன் கலைஞரின் பசியையும் மதிக்க வேண்டும்.

இறுதியாக, குருத்து ஞாயிறை நினைவுகூருங்கள். கையில் கிடைத்த ஓலையைச் சிறுவர் சிலுவையாகவும் கிளியாகவும் பின்னி மகிழ்கின்றனர். அவ்வோலை காய்ந்து, அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனன்று சாம்பலாகி நம் நெற்றியில் பதிகிறது. கோலமும் மாலைக்குள் கலைந்துவிடும். சமைத்த உணவும் உண்டு தீர்ந்துவிடும். நிலைத்திருப்பது அவற்றைச் செய்த அன்பே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு எழுதிய மடலில், எல்லாரும் கலைஞராக அழைக்கப்படவில்லையாயினும், தன் வாழ்வையே ஒரு கலைப்படைப்பாக உருவாக்கும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

எனவே, குடும்பத்தாரே, இம்மாதம் மூன்று செயல்களைச் செய்வோம். உங்கள் வீட்டில் ஒருவர் கையால் செய்த பொருள் ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். பிள்ளை வரைந்த படம் ஒன்றைத் திருப்படங்களுக்கு அருகே ஒட்டுங்கள். குடும்ப செபத்தின்போது, அன்று கண்ட அழகு ஒன்றை ஒவ்வொருவரும் கூறி இறைவனுக்கு நன்றி செலுத்துங்கள்.

தாம் படைத்தவற்றை நல்லவை எனக் கண்டு மகிழ்ந்த இறைவன், நம் கண்களைத் திறந்து, நம் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.